பெட்டவாய்த்தலைக் கொலையும் ஒரு தமிழ் கார்டும்

செப்டம்பர் 28, சனி

மளிகைக்கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரியில் நாலு நாள் சர்க்கரை அளவு குறித்ததோடு சரி, மீதியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. இன்றைக்கு என்னவோ எழுதலாம் என்று தோன்றியது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

காலையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் போர்வை சுற்றிய பெட்டி ஒன்று, அதைக் கட்டிப்பிடித்தபடி நடனசபாபதி சார். இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். எழுபத்தாறு வயசாம். மீசை முழுக்க வெளுத்துவிட்டது, மற்றபடி சட்டைப் பையில் அதே மூன்று பேனா.

போர்வையை விலக்கினார். எங்கள் பழைய 386 கம்ப்யூட்டர். வெள்ளையாக இருந்த பெட்டி இப்போது பழுத்த இலை நிறத்தில் இருந்தது. முன்பக்கம் நான் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

தொண்ணூற்றைந்தில் நான் சிந்தாமணியில் ஒரு டி.டி.பி. சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சார் அப்போது அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். உள்ளூர் வார இதழ் ஒன்றில் ‘பெட்டவாய்த்தலையில் ஒரு பிணம்’ என்று தொடர்கதை எழுதிவந்தார். வாராவாரம் கையால் எழுதிக் கொண்டுவருவார், நான் இந்த மெஷினில் அடிப்பேன். நெல் மண்டிக்காரர் மருதப்பனைக் கொன்றது யார் என்று டவுன் பஸ்களில் பந்தயமே நடந்தது. இருபத்து மூன்று வாரம் வெளியானது. கடைசி அத்தியாயம் அச்சேறுவதற்குள் இதழையே இழுத்து மூடிவிட்டார்கள். கொலைகாரன் யாரென்று ஊருக்குத் தெரியாமலே போயிற்று.

இப்போது சென்னையில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட முன்வந்திருக்கிறதாம். அக்டோபர் 21-க்குள் முழுக்கதையும் கொடுத்தால் ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிடும், இல்லாவிட்டால் இல்லை. இருபத்து மூன்று அத்தியாயம் சாரிடம் கத்தரித்து பைண்டு செய்து பத்திரமாக இருக்கிறது. இருபத்து நான்காவது இந்தப் பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது.

கையெழுத்துப் பிரதி இல்லையா சார் என்று கேட்டேன். அது எங்கே போச்சோ என்றார். முடிவு ஞாபகம் இல்லையா என்றேன்.

“வயசாச்சும்மா. நீதானே அடிச்ச? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்ல சார். எத்தனையோ அடிச்சோம்” என்றேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

செப்டம்பர் 30, திங்கள்

பழைய பெட்டியை எடுத்தவுடன் கரண்ட் கொடுக்கக் கூடாது. திறந்து பார்த்தேன். பல்லி முட்டை ஏழு, ஒரு மூக்குத்தித் திருகாணி (என்னுடையது, அப்போது ஊரெல்லாம் தேடினேன்), அரை இஞ்ச் தூசி. மதர்போர்டு ஓரத்தில் இருந்த பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. எலுமிச்சம் பழம் பிழிந்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கடைக்கு வந்த ஒருத்தர் எலுமிச்சம் பழத்தைப் பார்த்துவிட்டு, திருஷ்டி கழிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயந்திரம் சுவிட்சைப் போட்டேன். ஒரு நீளமான கூவல், எட்டுக் குட்டைக் கூவல். டிஸ்ப்ளே கார்டு சரியில்லை என்று அர்த்தம். கழற்றி, துடைத்து, மறுபடி அழுத்தி உட்கார வைத்தேன். திரை வெளிச்சமானது. கைதட்டினேன். கடையில் வேறு யாரும் இல்லை என்பதால் பரவாயில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பேட்டரி செத்ததால் மெஷினுக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது. தன் வயிற்றில் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதையே நாம்தான் சொல்ல வேண்டும். மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். அந்த எண்கள் டிஸ்கின் மேல் லேபிளில் இருக்கும். லேபிளை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

977, 5, 17. அடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் பேட்டரி மக்கர் பண்ணும்போதெல்லாம் தினம் காலையில் அடித்த எண்கள், எங்கே போகும்?

வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். இவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பெயர் தனவேல், வாய்க்குப் பூட்டு கிடையாது. “நம்ம கல்யாண நாள் என்னிக்குன்னு சொல்லு பாப்போம்” என்றார். ஆவணியில் என்றேன். வைகாசியாம்.

எண் சரி, ஆனால் டிஸ்க் சுற்றவில்லை. காதை வைத்துக் கேட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. கடை லீவு. டிஸ்க்கைப் பற்றி நினைக்கவே இல்லை. மூன்று தடவைதான் நினைத்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

வருஷக்கணக்கில் சுற்றாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் முள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. டிஸ்க்கைக் கையில் படுக்க வைத்துக்கொண்டு, கரண்ட் கொடுத்த அதே நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்ப வேண்டும். தோசையைத் திருப்புகிற வேகம்தான். பலமாகத் திருப்பினால் டிஸ்க் காலி, மெதுவாகத் திருப்பினால் பயனில்லை.

பத்து மணிக்குச் செய்ய நினைத்தேன். பதினொன்றுக்கு டீ குடித்தேன். பன்னிரண்டுக்கு வேறொருத்தருடைய பிரிண்டரில் பேப்பர் சிக்கலை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிரிண்டருக்கு அவசரமே இல்லை, அவர் அடுத்த வாரம்தான் வருகிறார். மூன்று மணிக்கு சார் போன் செய்து, என்னம்மா நிலவரம் என்றார். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

திருப்பினேன். உய்ங் என்று சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

டைரக்டரியில் இங்கிலீஷ் எழுத்தில் ‘PINAM24’ இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது. அழியவில்லை.

அக்டோபர் 5, சனி

ஃபைல் இருந்து என்ன பயன்? அதைத் திறக்கிற பழைய எடிட்டர் ‘தமிழ் கார்டு இல்லை’ என்று சொல்லி வெளியே தள்ளுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் தெரிய வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு கார்டு வாங்கி உள்ளே செருக வேண்டும். அந்தக் கார்டு இல்லாமல் எடிட்டர் வாயைத் திறக்காது.

கார்டு ஸ்லாட்டில்தான் இருக்கிறது, மெஷின் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். ம்ஹூம்.

பழைய தமிழ் ஃபைல்களைக் கார்டு இல்லாமலே மாற்றித் தருகிறவர் பெங்களூரில் ஒருத்தர் இருக்கிறார். நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் செய்யவில்லை. மாற்றும்போது அவர் முழுவதும் படிக்க வேண்டியிருக்கும். எதற்கு அவருக்கு வீண் சிரமம்?

அக்டோபர் 7, திங்கள்

ஒரு திருடனைப் பிடித்தேன். தமிழ் கார்டுக்குப் பக்கத்து ஸ்லாட்டில் ஒரு ஃபேக்ஸ் கார்டு. நான் வேலையை விட்ட பிறகு யாரோ போட்டது. இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பம் இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்? ஃபேக்ஸ் கார்டைக் கழற்றி எறிந்தேன்.

இப்போது எடிட்டர் திறக்கிறது. ஆனால் எழுத்தெல்லாம் சிதறுகிறது, பாதி வரி வருகிறது, பாதி கட்டம் கட்டமாக நிற்கிறது. ஃப்ளாப்பி டிரைவின் விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. கேபிளைத் தலைகீழாகச் செருகினால்தான் அப்படி எரியும். செருகியது நான்தான். இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்தத் தப்பைக் கடைசியாக எப்போது செய்தேன் என்று ஞாபகமே இல்லை. மனசு வேறெங்கோ இருந்தால் கை என்ன செய்யும்.

அக்டோபர் 8, செவ்வாய்

தமிழ் கார்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்லாட்டுக்குள் நுழைகிற ஓரத்தில் தங்கக் கோடுகள் வரிசையாக இருக்கும். அதில் ஏழெட்டுக் கோடுகளின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். குங்குமம்.

வைத்தது யாரென்று தேட வேண்டியதில்லை. தொண்ணூற்றைந்து ஆயுத பூஜைக்கு எல்லாரும் பெட்டியின் மேல் பொட்டு வைத்தார்கள். நான்தான் அதிமேதாவி. தமிழ் கார்டு என்றால் சாட்சாத் சரஸ்வதி ஆயிற்றே, அவளுக்கு மேலோடு பொட்டு வைத்தால் போதுமா என்று, பெட்டியைத் திறந்து கார்டை வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்பச் செருகினேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சந்தனம் மெதுவாக இறங்கிக் கோடுகளில் களிம்பு ஏற்றியிருக்கிறது.

பள்ளிக்கூட ரப்பரால் அழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துச் செருகினேன். கேபிளையும் நேராக்கினேன். விளக்கு அணைந்தது. தமிழ் பளிச்சென்று வந்தது.

அத்தியாயம் 24 திறந்திருக்கிறது. மூடிவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 9, புதன்

படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று இடத்தில் சிரிப்பு வந்தது. யார் எழுதியிருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

சார் போன் செய்தார். கார்டு இன்னும் தொந்தரவு பண்ணுகிறது சார் என்றேன். ஆயுத பூஜை முடிந்ததும் வருகிறேன் என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

இன்றைக்கு நல்ல நாள். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சால்டரிங் ராடு எல்லாம் சாமி முன்னால் ஏறிவிட்டன. நாளை எடுக்கும்வரை தொடக் கூடாது. ஆகவே சாருக்கு ஒரு நாள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் பூஜையை முடித்துவிட்டு என் கடைக்கு உதவ வந்தார். நான் பழம் வாங்கப் போய்த் திரும்புவதற்குள், மேஜை மேல் கிடந்த ஒரு பக்கம் அச்சடித்த காகிதங்களை எடுத்துக் கூம்பு கூம்பாகச் சுருட்டி, பொரிகடலைப் பொட்டலம் போட ஆரம்பித்திருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. கையிலிருந்து பிடுங்கி, பொரியெல்லாம் தரையில் கொட்டி, ‘என் கடையில் காகிதத்தில் பொட்டலம் போடாதீர்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்’ என்று கத்திவிட்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து பொரி பொறுக்கினோம். பொறுக்கும்போது சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது?

சார் சிக்கனக்காரர். கதையை ஆபீஸ் சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலை, கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்து, சாமியிடம் வைத்து எடுத்து நாளைக்கு அடிம்மா என்று கொடுத்தார். பதினான்கு பக்கம். நான் வைத்தேன். பூஜை முடிந்ததும் தெருவில் கூட்டம், ஆட்டோ ஸ்டாண்டு, பிரஸ்ஸில் வேலை செய்பவர்கள், பூக்காரம்மா. நான் பொட்டலம் போடுகிற வேகத்தில், சுற்றறிக்கை மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்த கட்டை வேஸ்ட் பேப்பர் என்று எடுத்து… பதினான்கு பக்கமும் பொரிகடலையோடு போயிற்று. தெரிந்ததும் சிந்தாமணி முழுக்க ஓடினேன். இரண்டு பக்கம் கிடைத்தது. ஒன்றில் வெல்லப்பாகு, ஒன்றைப் பாதி ஆடு தின்றிருந்தது.

சாரிடம் சொல்ல தைரியம் இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் உட்கார்ந்து நானே எழுதினேன். நேராக மெஷினிலேயே அடித்தேன். அடித்து முடித்துவிட்டேன் சார் என்று போனில் சொன்னேன். அச்சானதும் மாட்டிக்கொள்வோம் என்று ஜுரமே வந்தது. அதற்குள் இதழ் நின்றுவிட்டது. ஊரே வருத்தப்பட்டது, நான் மலைக்கோட்டைக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

வீட்டுக்காரர் விக்கல் எடுக்கிறவரை சிரித்தார். அப்புறம் கேட்டார்:

“இப்ப என்ன பண்ணப் போற? டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியும்?”

அது என் மனசிலும் நாலு நாளாக ஓடுகிறது. டிஸ்க் செத்தது என்றால் சாரின் புத்தகம் வராது. சாகவில்லை என்றால் அவர் பெயரில் நான் எழுதியது வரும், அல்லது என் குட்டு உடையும்.

“சாருக்கு எழுபத்தாறு வயசு” என்றேன்.

“அதான் சொல்றேன். சொல்றதா இருந்தா சீக்கிரம் சொல்லு.”

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

சார் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். எதிர்க் கோவிலில் குழந்தைகளை நெல்லில் எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரே அழுகை. எனக்கும் அவர்களோடு போய் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

நாற்காலி போட்டேன். மெஷினைப் போட்டேன். ஃபைலைத் திறக்கும் முன்னால், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, பொரிகடலை, ஆடு, இரண்டு நாள், பொய், எல்லாம். தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும்மா. அன்னிக்கு நானும் பொரி வாங்கினேன்ல? எனக்குக் குடுத்த பொட்டலம் பதினோராம் பக்கம்.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது இது. பொட்டலத்தைப் பிரித்ததும் வயிறு எரிந்ததாம். இரண்டு நாள் கழித்து, கோபம் ஆறி, மறுபடி எழுதித் தருகிறேன் என்று சொல்ல சென்டருக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்தால், நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். “முன்னாடி பேப்பரே இல்ல. நீ பாட்டுக்கு அடிக்கிற, நடுவுல நீயே சிரிச்சுக்கிற. அப்படியே திரும்பிப் போயிட்டேன்” என்றார். என்னதான் எழுதுகிறாள், அச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம். பத்து நாளில் இதழ் மூடிவிட்டது. அச்சடிக்காத ஒன்றை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார். தொண்ணூற்றெட்டில் சென்டரை மூடியபோது, டைப் அடிக்கவே தெரியாத மனுஷர், இந்த மெஷினை விலைக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மறு வருஷம் போட்டுப் பார்த்தால் தமிழ் வரவில்லை. நானோ கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டேன். போன மாசம் உறையூரில் என் கடை போர்டைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாராம்.

“அப்ப உங்க முடிவு மறந்துபோச்சுன்னு சொன்னீங்களே சார்?”

“எப்படி மறக்கும்? மருதப்பனோட மச்சினன்தான் கொலைகாரன். நாலு தடவை திரும்ப எழுதிட்டேன். படிச்சா எனக்கே கொட்டாவி வருது. எனக்கு உன்னோடது வேணும். திற.”

திறந்தேன். அவர் படிக்க ஆரம்பித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கப் போகிறேன் என்று போய், கோவிலைச் சுற்றி, டீ வாங்காமல் திரும்பி வந்து, மறுபடி போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் படித்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். சிரித்தார். எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன். பூக்காரம்மா சாட்சி சொல்லும் இடம்.

முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

“கம்பவுண்டர்தான் கொலைகாரன்னு வெச்சிருக்க. சரி. கொலை நடந்த அன்னிக்கு அவன் கரூர்ல அக்கா வீட்டுல இருக்கான். ஒன்பதாவது அத்தியாயம். கரூர்ல இருக்கறவன் பெட்டவாய்த்தலையில எப்படிம்மா கொலை பண்ணுவான்?”

ஒன்பதாவது அத்தியாயத்தை இதே கையால் அடித்திருக்கிறேன். ஆடு திருடியவள் போல விழித்தேன்.

ஒன்பதில் ஒரு வரியை மாற்றிவிடலாமே சார் என்றேன். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே படித்தது, ஓர் எழுத்தைத் தொட மாட்டேன் என்றார். மற்றபடி எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டேன்.

“மத்தபடி என்னோடதவிட நல்லாருக்கு. அதான் கோவம் வருது. ஓட்டைய அடைச்சுக் குடு. இருபத்தொண்ணாந்தேதிதான் கெடு.”

“நானா சார்?”

“பின்ன? நீ போட்ட முடிச்சு.”

டீயைக் குடித்துவிட்டு, இருபத்து மூன்று அத்தியாயம் இருக்கிற பைண்டு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

நாள் முழுக்க யோசனை. இருபத்திரண்டு வயசில் இரண்டு நாளில் எழுதினேன். பயம்தான் எழுத வைத்தது போல. இப்போது பயமே இல்லை, ஒரு வரிகூட வரவில்லை.

ரயில்வே மூளையும் உதவிக்கு வந்தது. கரூரிலிருந்து பாசஞ்சரில் ஏற்றி, கொலை செய்ய விட்டு, கூட்ஸ் வண்டியில் திருப்பி அனுப்பிவிடலாம் என்று வீட்டுக்காரர் டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார். அவர் கணக்குப்படி கம்பவுண்டர் கொலைக்குப் பதினெட்டு நிமிஷம் தாமதமாக வந்து சேர்கிறான்.

அக்டோபர் 15, செவ்வாய்

கம்பவுண்டருக்கு ஓர் இரட்டைச் சகோதரன் வைத்துப் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

சார் போன் செய்யவில்லை. செய்யாமல் இருப்பது போன் செய்வதைவிட மோசம்.

அக்டோபர் 16, புதன்

மழை. கரண்ட் இல்லை. கதையும் இல்லை. பேசாமல் மச்சினன் தலையிலேயே கட்டிவிடலாமா என்று யோசித்தேன். அந்த மச்சினனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, இருபத்து மூன்று வாரமாக அவனைத்தான் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

பதினொரு மணிக்கு ஒரு டீச்சரம்மா லேப்டாப் கொண்டுவந்தார். ஒன்றுமே செய்யவில்லை, தானாகவே நின்றுவிட்டது என்றார். சரிங்க என்று வாங்கி வைத்தேன். அவர் போனதும் திறந்தேன். கீபோர்டுக்கு அடியில் அரை டம்ளர் காபி, சர்க்கரையோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடக் கீழே போட்டேன் என்றோ காபி கொட்டினேன் என்றோ சொன்னதில்லை. எல்லாருக்கும் தானாகத்தான் ஆகும். அவர்கள் சொல்வதைக் கேட்டு வேலை பார்த்தால் ஒரு மெஷினையும் சரிசெய்ய முடியாது. தலையை ஆட்டிவிட்டு, திறந்துதான் பார்க்க வேண்டும்.

காபியைப் பாதி துடைத்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

ஈரக் கையோடு ஓடிப்போய், சார் விட்டுப்போன பைண்டு புத்தகத்தில் ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்தேன். வரி வரியாக இரண்டு தடவை படித்தேன். சாருக்குப் போன் போட்டேன்.

“சார், கம்பவுண்டர் அன்னிக்குக் கரூர்ல இருந்தான்னு யாரு சார் சொன்னது?”

புத்தகம் என்னிடம் இருக்கிறது, ஆனாலும் பதில் உடனே வந்தது. அவருக்குப் புரட்ட வேண்டியதில்லை போல.

“அவன்தாம்மா சொன்னான்.”

“வேற யாராவது பாத்தாங்களா?”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று முதலில் பயந்தேன், சிரிப்பு.

“இன்ஸ்பெக்டர் கேக்கல, நான் கேக்கல, படிச்சவன் ஒருத்தனும் கேக்கல” என்றார். “நல்ல புள்ள மாதிரி சொன்னான், எல்லாரும் நம்பிட்டோம்.”

“ஆமா சார். பொய்யை நல்ல புள்ள மாதிரி சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. போலீஸ் அக்காவிடம் விசாரித்தால் அக்கா என்ன சொல்வாள் என்று கேட்டார். அக்கா தம்பியைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் சார், ஆனால் அவள் வீட்டுக்காரருக்குப் பொய் வராது என்றேன். அப்படியா என்றார். அவரை எந்த இடத்தில் உள்ளே கொண்டுவருவாய் என்றார். பூக்காரம்மாவுக்கு அப்புறம் என்றேன். அதுவரை எனக்கே தெரியாது, வாயிலிருந்து வந்துவிட்டது. இப்படியே கால் மணி நேரம் போயிற்று. இரண்டு பேரும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டிப் பேசினோம். கடைசியில், பூக்காரம்மா சாட்சியை இரண்டு வரி குறைக்கச் சொன்னார். குறைக்க மாட்டேன் என்றேன்.

“சரி, உன் இஷ்டம். புஸ்தகத்துல என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் வரும், அதுக்குத் தகுந்த மாதிரி எழுது” என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

டீச்சரம்மாவின் லேப்டாப் நாளைக்குத்தான். மணி பன்னிரண்டேகால். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 386-ஐப் போட்டிருக்கிறேன், கூவல் கேட்கிறது. டைரியில் இன்றைக்கு இவ்வளவு போதும், எழுத வேண்டிய வேலை இருக்கிறது.